‘ஈரல் டெஸ்ட் நார்மல்னாங்க, அப்புறம் எப்படி என்சைம் குறை?’

பாலக்கோடு பக்கத்துக் கிராமத்திலிருந்து 24 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம்:

தாய்மாமனையே மணந்தவர். கணவருக்கு 33 வயது, தக்காளித் தோட்டம். சென்ற ஆண்டு தலைப்பிரசவம். ஆண் குழந்தை, 2.9 கிலோ. பிறந்ததும் அழுதது, இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்தது. மூன்றாம் நாள் காலையில் எழுப்பினாலும் எழவில்லை, மேல்மூச்சு வாங்கியது. கிருமித்தொற்று என்று ஆன்டிபயாடிக் போட்டார்கள். அன்றிரவே வலிப்பு. வெளியூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது ரத்த அம்மோனியா 1,240 மைக்ரோமோல். ஆறாம் நாள் குழந்தை இறந்துவிட்டது. அறிக்கைகளில் ரத்த யூரியா 5, சர்க்கரை 78, ஈரல் பரிசோதனை நார்மல், சிட்ருலின் மிகக் குறைவு, சிறுநீரில் ஓரோட்டிக் அமிலம் மிக அதிகம். முடிவுரையில் ‘ஓ.டி.சி. என்சைம் குறைபாடாக இருக்கலாம்’ என்று ஒரு வரி. மாமியாருக்கும், அதாவது இவருடைய சொந்தப் பாட்டிக்கும், அந்தக் காலத்தில் இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்த வாரத்திலேயே தவறியிருக்கின்றன. இவருடைய அம்மாவுக்கு இரண்டும் பெண்கள். வாசகிக்கு இப்போது 8 வாரக் கர்ப்பம்.

அவர் கேட்பது: “ஈரல் டெஸ்ட் எல்லாம் நார்மல்னு சொன்னாங்க, அப்புறம் எப்படி ஈரல்ல என்சைம் இல்லைன்னு எழுதுவாங்க? அந்த என்சைமை மாத்திரையா குடுக்க முடியாதா? என் பால்தான் ஒத்துக்கலைன்னு மாமியார் சொல்றாங்க. சொந்தத்துல கட்டினதாலன்னு ஊர்ல சொல்றாங்க. மாசமா இருந்தப்ப யூரியா உரத்தைக் கையால தூவினேன், அதனாலயா? ஒரு இடத்துல ஆணா பொண்ணான்னு ஸ்கேன்ல சொல்லிடுவாங்களாம், பொண்ணுன்னா பயமில்லையாம். போலாமா? சின்ன வயசுலேர்ந்தே கறி சாப்பிட்டா எனக்குத் தலைவலி, வாந்தி. இப்போ கறி, முட்டை, பருப்பு எல்லாத்தையும் நிறுத்திடவா?”

அன்புள்ள சகோதரிக்கு,

குழந்தையை இழந்த துக்கத்தோடு இத்தனை அறிக்கைகளையும் பத்திரமாக வைத்து, எண்களைப் பிழையில்லாமல் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அந்தக் காகிதங்கள்தான் இப்போது உங்களுக்குப் பெரிய உதவி.

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். உங்களுக்கு மரபணுப் பரிசோதனை செய்தார்களா என்பது கடிதத்தில் இல்லை. செய்திருக்க மாட்டார்கள் என்றே தோன்றுகிறது. இந்த வாரமே அதற்கான ரத்தம் கொடுங்கள். வயிற்றில் இருக்கும் சிசுவுக்கு இந்த நோய் உண்டா என்று பார்க்கும் முதல் பரிசோதனை 11 முதல் 13 வாரத்துக்குள் நடக்கும். அதற்கு முன் உங்கள் குடும்பத்தில் ஓடும் மரபணு மாற்றம் எது என்று தெரிந்திருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது மூன்று முதல் ஐந்து வாரம். மரபணு அறிக்கை வர மூன்று நான்கு வாரம் ஆவது வழக்கம். விண்ணப்பத்தில் ‘கர்ப்பிணி, அவசரம்’ என்று மருத்துவர் எழுதினால் பல ஆய்வகங்கள் முன்னுரிமை தருகின்றன. ஒரே பரிசோதனையில் இரண்டு வேலை நடக்க வேண்டும்: மரபணுவை எழுத்து எழுத்தாகப் படிப்பது, அதில் துண்டு ஏதும் விடுபட்டிருக்கிறதா என்று பார்ப்பது. முதலாவதை மட்டும் செய்து ‘நார்மல்’ என்று வந்துவிட்டால் விஷயம் முடிந்ததாக நினைக்காதீர்கள். இந்த நோயில் துண்டு விடுபடுவது அபூர்வமல்ல. இறந்த குழந்தையின் காய்ந்த ரத்தப் பொட்டு அட்டை பரிசோதித்த ஆய்வகத்தில் இன்னும் இருக்கலாம். எழுத்து மூலமாகக் கேளுங்கள். கிடைத்தால் அதிலிருந்தே நேரடியாக விடை எடுக்க முடியும்.

ஈரலில் எது இல்லை

நாம் சாப்பிடும் பருப்பு, கறி, முட்டை, ராகி எல்லாவற்றிலும் புரதம் இருக்கிறது. உடம்பு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை உடைக்கும்போது அதிலுள்ள நைட்ரஜன் அம்மோனியாவாக வெளிவருகிறது. அம்மோனியா மூளைக்கு நஞ்சு. அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் அனுப்புவது ஈரலின் வேலை. 1932-ல் ஹான்ஸ் கிரெப்ஸும் கர்ட் ஹென்சிலைட்டும் ஜெர்மனியில் கண்டறிந்த இந்த வேலைமுறைக்கு யூரியா சுழற்சி என்று பெயர். இதில் அடுத்தடுத்து ஆறு என்சைம்கள், அதாவது உடம்பின் வேதிவேலைகளை நடத்தும் புரதங்கள், பங்கெடுக்கின்றன. அவற்றில் ஒன்றுதான் ஆர்னித்தின் டிரான்ஸ்கார்பமைலேஸ், சுருக்கமாக ஓ.டி.சி. அம்மோனியாவிலிருந்து உருவான கார்பமாயில் பாஸ்பேட்டை ஆர்னித்தினோடு இணைத்துச் சிட்ருலின் ஆக்குவது இதன் ஒரே வேலை. ஈரல் செல்லுக்குள், அதன் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய அறைக்குள் இது நடக்கிறது.

இந்த என்சைம் இல்லையென்றால் சிட்ருலின் உருவாகாது, அதனால்தான் குழந்தையின் சிட்ருலின் குறைவு. வேலை நடக்காமல் தேங்கிய கார்பமாயில் பாஸ்பேட், மடையை அடைத்தால் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் பாய்வதுபோல, வேறொரு வழியில் போய் ஓரோட்டிக் அமிலமாகிச் சிறுநீரில் வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் அந்த மருத்துவர் ஓ.டி.சி. என்று எழுதியிருக்கிறார். சிட்ருலின் குறைந்து ஓரோட்டிக் அமிலம் நார்மலாக இருந்தால் முந்தைய படியில் உள்ள சி.பி.எஸ். என்சைமைச் சந்தேகிப்போம். சிட்ருலின் எக்கச்சக்கமாக உயர்ந்திருந்தால் அடுத்த படியில் உள்ள என்சைமை. உங்கள் குழந்தையின் எண்கள் ஓ.டி.சி.யைத்தான் அழுத்தமாகக் காட்டுகின்றன. ஆனாலும் ‘இருக்கலாம்’ என்ற சொல்லை மரபணு அறிக்கைதான் நீக்க வேண்டும். ஏன் என்பது கீழே வரும்.

ஈரல் பரிசோதனை என்று எழுதுவார்களே, அதில் பார்ப்பது எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. போன்ற வேறு என்சைம்களை. ஈரல் செல்கள் சேதமானால் அவை ரத்தத்தில் கசியும். உங்கள் குழந்தையின் ஈரல் செல்கள் சேதமாகவில்லை. உள்ளே ஒரே ஒரு என்சைம் மட்டும் இல்லை. அதனால் அந்தப் பரிசோதனை நார்மலாக வந்ததில் முரண்பாடு எதுவும் இல்லை. ரத்த யூரியா 5 என்று வந்ததைக் கிட்னி நன்றாக இருப்பதற்கு அடையாளம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். யூரியா உற்பத்தியே ஆகாததால் குறைந்த எண் அது. பிறந்த குழந்தைக்கு யூரியா குறைவாக இருப்பது சாதாரணமாகவும் நடக்கும், அதனால் அதை மட்டும் வைத்து யாரும் இந்த நோயைச் சொல்லிவிட முடியாது.

மேல்மூச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். உயர்ந்த அம்மோனியா மூளையின் மூச்சு மையத்தைத் தூண்டுகிறது. குழந்தை வேகமாக மூச்சு விடும். சோர்வு, பால் மறுப்பு, மேல்மூச்சு மூன்றும் சேர்ந்தால் கிருமித்தொற்று என்றுதான் எந்த மருத்துவருக்கும் முதலில் தோன்றும், ஏனென்றால் அதுதான் அதிகம் வருவது. ஆன்டிபயாடிக் போட்டது தவறில்லை. அதோடு அம்மோனியாவும் அன்றே பார்த்திருக்க வேண்டும். 

இனி மாத்திரை. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் கொடுப்பதுபோல இந்த என்சைமைக் கொடுக்க முடியாது. விழுங்கினால் வயிறு செரித்துவிடும். ஊசியில் போட்டாலும் ஈரல் செல்லின் உட்புறத்துக்குப் போகாது. கைவசம் இருக்கும் மருந்துகள் என்சைமுக்குப் பதிலாக நைட்ரஜனை வேறு வழியில் வெளியேற்றுபவை. சோடியம் பென்சோயேட் கிளைசினோடு சேர்ந்து வெளியேறும். ஃபினைல்பியூட்டிரேட் உடம்பில் மாறி, குளுட்டமினோடு சேர்ந்து ஒரு முறைக்கு இரண்டு நைட்ரஜனைக் கொண்டுபோகும். சிட்ருலின் பொடி சுழற்சியின் மிச்சப் படிகளுக்கு வேலை கொடுத்து இன்னும் கொஞ்சத்தை வெளியேற்றும். ஊறுகாய்க்குப் போடும் சோடியம் பென்சோயேட்டும் இதேதானே என்று யாராவது கடையில் வாங்கச் சொல்வார்கள். வேண்டாம், மருந்துத் தரமும் கிலோ எடைக்கான அளவும் இதில் உயிர் போகும் விஷயம். மரபணு சிகிச்சைக்கான முயற்சி பல ஆண்டுகளாக நடக்கிறது. 1999-ல் அமெரிக்காவில் இதே நோய்க்கான சோதனையில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர் இறந்ததால் அந்தத் துறையே வெகுநாள் தயங்கி நின்றது. இந்தப் பிரசவத்துக்கு அதை எதிர்பார்த்துக் காத்திருக்க முடியாது.

பாலும் உரமும் காரணமல்ல

இதை உங்கள் மாமியாருக்கும் படித்துக் காட்டுங்கள். 100 மில்லி தாய்ப்பாலில் புரதம் ஏறக்குறைய 1 கிராம்தான். பசும்பாலில் 3 கிராமுக்கு மேல். ஒரு குழந்தைக்குக் கிடைக்கக்கூடிய மிகக் குறைந்த புரத உணவு தாய்ப்பால். பிறந்த முதல் மூன்று நாட்களில் எல்லாக் குழந்தைகளும் எடை குறையும்; அப்போது உடம்பு தன் சொந்தத் தசையையும் உடைக்கும். அம்மோனியாவில் அதற்கும் பங்கு உண்டு. பால் கொடுக்காமலே விட்டிருந்தாலும், குளுக்கோஸ் ஏற்றாமல், மருந்து கொடுக்காமல் அம்மோனியா ஏறியிருக்கும். வயிற்றில் இருந்தவரை குழந்தை நன்றாக இருந்ததற்குக் காரணம், அதன் அம்மோனியாவை நஞ்சுக்கொடி வழியாக வாங்கி உங்கள் ஈரல் சுத்தம் செய்து கொடுத்ததுதான்.

உரம் தூவியதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. குழந்தைக்கு இருந்தது கருவான நாளிலேயே மரபணுவில் எழுதப்பட்ட குறை.

சொந்தத்தில் கட்டியது

ஊரில் சொல்வது பல மரபு நோய்களுக்குப் பொருந்தும். யூரியா சுழற்சியின் மற்ற என்சைம்களுக்கும் பொருந்தும். அவற்றில் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் குறையுள்ள பிரதி வந்தால்தான் நோய் வரும். சொந்தத்தில் கட்டும்போது இருவரிடமும் அதே குறை இருக்கும் வாய்ப்பு கூடும். ஓ.டி.சி. மட்டும் வேறு. அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் குழந்தைக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். அப்பா கொடுப்பது ஒய். எனவே நோய் ஓ.டி.சி. என்று உறுதியானால், நீங்கள் அசலில் யாரைக் கட்டியிருந்தாலும் மகனுக்கு இது வந்திருக்கக்கூடும்.

இதைப் படித்ததும் ‘அப்படியானால் என்னால்தான்’ என்று தோன்றும். உங்கள் குடும்பத்தில் மாமியாரும் பாட்டியும் ஒரே ஆள் என்பதை நினைத்துப் பாருங்கள். அவருக்கு இரண்டு மகன்கள் பிறந்த வாரத்திலேயே போயிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பச்சைக் குழந்தைகள் பல காரணங்களால் இறந்தன, அதனால் இதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டியிடமிருந்து உங்கள் அம்மாவுக்கும், அம்மாவிடமிருந்து உங்களுக்கும் இது இறங்கியிருக்கும் என்ற சந்தேகம் வலுவானது. உங்கள் கணவர் அதே பாட்டியின் மகன், அவருக்கு வரவில்லை. இத்தனை கடுமையான வகை வந்திருந்தால் அவர் முதல் வாரத்தைத் தாண்டியிருக்க மாட்டார். யாரும் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில்லை இதை. அதே போல, யாரிடமிருந்தும் வராமல் குழந்தையிலேயே புதிதாகத் தோன்றியிருக்கவும் இடம் உண்டு. உங்கள் ரத்தத்தில் மாற்றம் இல்லை என்று வந்தாலும் கருமுட்டைகள் சிலவற்றில் மட்டும் அது இருக்கலாம். ஆகவே சிசுப் பரிசோதனையை அப்போதும் கேட்டு வாங்க வேண்டும்.

மேலே ‘இருக்கலாம்’ என்ற சொல்லை நீக்கச் சொன்னது இதற்காகத்தான். ஓ.டி.சி. என்றால், நீங்கள் கேரியர் (குறையுள்ள பிரதி ஒன்றைச் சுமப்பவர்) என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு நோயுள்ள ஆண், ஒரு பங்கு நோயில்லாத ஆண், ஒரு பங்கு கேரியர் பெண், ஒரு பங்கு எதுவுமில்லாத பெண். சி.பி.எஸ். என்றால் ஆண், பெண் யாராக இருந்தாலும் நான்கில் ஒரு பங்கு நோய். கணக்கே மாறிவிடுகிறது.

அந்த ஸ்கேன் இடத்துக்குப் போக வேண்டாம்

முதலில் மருத்துவக் காரணம். ஆண் என்று தெரிந்தால் என்ன தெரிந்தது? அவனுக்கு நோய் இல்லாமல் இருக்கப் பாதி வாய்ப்பு. ஆண் என்பதற்காகவே கலைத்தால் நோயில்லாத பிள்ளையை இழக்க நேரலாம். பெண் என்று தெரிந்தால் பயமே இல்லை என்பதும் தவறு. பெண்ணின் ஒவ்வொரு ஈரல் செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று மட்டுமே வேலை செய்யும், எது என்பது தற்செயல். கெட்டது வேலை செய்யும் செல்கள் அதிகமாகிவிட்டால் பெண்ணுக்கும் அறிகுறிகள் வரும். கேரியர் பெண்களில் ஏறக்குறைய ஐந்து, ஆறு பேரில் ஒருவருக்கு வருகிறது: விட்டுவிட்டு வரும் வாந்தி, கறி பிடிக்காமை, காய்ச்சலில் உளறல், படிப்பில் பின்தங்குதல்.

அடுத்தது சட்டம். 1994-ம் ஆண்டுச் சட்டப்படி சிசுவின் பாலினத்தைச் சொல்வது குற்றம், கேட்பதும் குற்றம். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்துக்கு இந்தச் சட்டம் எதனால் தேவைப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வற்புறுத்தப்பட்ட கர்ப்பிணியைச் சட்டம் தண்டிப்பதில்லை; கணவரும் உறவினரும் வற்புறுத்தியதாகவே அது எடுத்துக்கொள்ளும். அழைத்துப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஆனால் அதே சட்டம், மரபு வளர்சிதை நோய்களையும் பாலினத்தோடு தொடர்புள்ள மரபு நோய்களையும் சிசுவில் கண்டறிய, பதிவுபெற்ற மரபியல் மையங்களுக்கு அனுமதி தருகிறது. உங்களுக்கு வேண்டிய பரிசோதனை அதுதான். 11 முதல் 13 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவில் கொஞ்சம் எடுப்பது ஒரு வழி, டாக்டர்கள் சி.வி.எஸ். என்பார்கள். மரபணு அறிக்கை தாமதமானால் 16 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீர் எடுக்கலாம். அனுபவமுள்ள கைகளில் இவற்றால் கரு கலையும் ஆபத்து நூற்றில் ஒன்று அல்லது அதற்கும் கீழே. உங்களுக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் வாங்கி, அதன் பிரதியை உங்களிடம் தர வேண்டும். அறிக்கையில் வர வேண்டியது, சிசுவுக்கு நோய் உண்டா இல்லையா என்பது மட்டும்.

நோய் உண்டு என்று வந்தால் இரண்டு வழி. கர்ப்பத்தைத் தொடர்வது, அல்லது கலைப்பது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 24 வாரத்துக்கு மேல் என்றால் சிசுவின் கடுமையான குறைபாட்டுக்கு மருத்துவக் குழு அனுமதிக்க வேண்டும், அலைச்சலும் அதிகம். 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவருடைய சம்மதம் மட்டும் சட்டப்படி போதுமானது; கணவர் கையெழுத்து கட்டாயமில்லை. எந்த வழி என்று நான் சொல்ல மாட்டேன். தொடர்ந்தால் என்ன காத்திருக்கிறது என்பதை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன்: பிறந்த முதல் மணியிலிருந்து மருந்து, அளந்த புரதம், காய்ச்சல் வரும்போதெல்லாம் அம்மோனியா ஏறும் பயம், பிறகு பெரும்பாலும் ஈரல் மாற்று. சில மாதங்கள் கழித்து, எடை 5 கிலோ தாண்டியதும் ஈரல் மாற்றுச் சிகிச்சையைத் திட்டமிடுவார்கள். அதன்பின் யூரியா சுழற்சி சரியாகிவிடும். அதற்கு முன் மூளைக்கு ஏற்பட்ட சேதம் திரும்பாது. முன்கூட்டியே தெரிந்து, அம்மோனியா ஏறவிடாமல் வளர்ந்து, ஈரல் மாற்றும் முடிந்த பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள்.

உங்கள் உடம்பையும் பார்க்க வேண்டும்

கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்தது கறி சாப்பிட்டால் தலைவலி, வாந்தி என்ற வரி. கறி பிடிக்காத பெண்கள் எத்தனையோ பேர், அவர்கள் எல்லாரும் கேரியர் இல்லை. ஆனால் உங்கள் குடும்பப் பின்னணியில் அதை லேசாக விடக்கூடாது. மரபணுவுக்கு ரத்தம் கொடுக்கும் அன்றே அம்மோனியாவும் அமினோ அமில அளவும் பார்த்துவிடுங்கள். அம்மோனியாவுக்கு எடுக்கும் ரத்தத்தில் ஒரு நுணுக்கம் உண்டு: கையை இறுக்கிக் கட்டி வெகுநேரம் வைக்கக்கூடாது, குழாயை உடனே ஐஸில் வைக்க வேண்டும், கால் மணி நேரத்தில் ஆய்வகத்தில் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப்போகிறவர்களிடம் கொடுத்தால் பொய்யாக உயர்ந்த எண் வரும். பெரியவர்களுக்கு 50 மைக்ரோமோலுக்குக் கீழே இருக்க வேண்டும். சில ஆய்வகங்கள் மைக்ரோகிராமில் தருவார்கள், அதை 0.59-ஆல் பெருக்கினால் மைக்ரோமோல் கிடைக்கும்.

கறி, முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தவா என்றால், நிறுத்தாதீர்கள். புரதம் போதாத உடம்பு தன் தசையை உடைத்துக்கொள்ளும். அப்போதும் அம்மோனியாதான் வரும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கே நாளுக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும்; நான்காம் மாதத்திலிருந்து இன்னும் 9.5 கிராம், கடைசி மூன்று மாதம் 22 கிராம் கூடுதல் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் கணக்கு. நீங்கள் எழுதிய சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தேன். 150 கிராம் ராகி மாவுக் களியில் 11 கிராம், அதே அளவு அரிசியில் 11-12, ஒரு கை பருப்பில் 6-7. முப்பதைத் தாண்டவில்லை. உங்களிடம் அதிகமாகிவிட்டது என்று குறைக்க எதுவுமில்லை. ஒரே வேளையில் கறியும் முட்டையும் கொள்ளுப் பருப்புமாகக் குவிக்காமல், பால், தயிர், பருப்பு என்று நாள் முழுக்கப் பிரித்துச் சாப்பிடுங்கள். அரசு ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வரும் ஹெல்த் மிக்ஸை டப்பாவோடு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டிவிட்டு அளவு கேளுங்கள்.

இப்போது மசக்கை வாந்தி இருக்கும். கேரியருக்குப் பட்டினிதான் பெரிய எதிரி. அமாவாசை, வெள்ளி விரதங்களை இந்தப் பிரசவம் முடியும்வரை வீட்டில் வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும். இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம் ராகிக் கூழ், அரிசிக் கஞ்சி, வாழைப்பழம், வெல்லப் பானகம், ஏதாவது மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். அரை நாளுக்கு மேல் எதுவும் தங்கவில்லை என்றால் மருத்துவமனை. அங்கே வெறும் உப்பு நீர் பாட்டில் போதாது. 5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டரில் 25 கிராம் சர்க்கரைதான் இருக்கிறது; 10 சதவீதத்தில் 50 கிராம். 10 சதவீதம் வேண்டும் என்று சொல்லி, கீழே எழுதியிருக்கும் சீட்டைக் காட்டுங்கள்.

அந்தச் சீட்டை முதல் சந்திப்பிலேயே மரபியல் மருத்துவரிடம் கையெழுத்தோடு வாங்கிக் கர்ப்பிணி அட்டையில் ஒட்டிவிடுங்கள். அதில் இவை இருக்கட்டும்:

‘ஓ.டி.சி. கேரியராக இருக்கலாம். வாந்தி, குழப்பம், அளவுக்கு மீறிய தூக்கம், காரணமில்லாத கோபம் எது வந்தாலும் முதலில் அம்மோனியா பார்க்கவும். வால்புரோயேட் (வலிப்பு) மாத்திரை கூடாது. குறைமாதத்தில் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி தேவைப்பட்டால் அம்மோனியாவைக் கண்காணித்தபடி போடவும். வாந்தியால் எதுவும் தங்காவிட்டாலோ, அறுவைக்காக வெகுநேரம் பட்டினி போட வேண்டியிருந்தாலோ 10 சதவீத குளுக்கோஸ் ஏற்றவும்.’

பிரசவத்துக்குப் பிறகு மூன்றாம் நாளிலிருந்து இரண்டு வாரம்வரை கூடுதல் கவனம் தேவை. விரிந்த கருப்பை சுருங்கும்போது அதன் புரதமெல்லாம் உடைந்து ரத்தத்தில் சேர்கிறது. குழந்தை பிறக்கும்வரை நன்றாக இருந்த கேரியர் தாய், வீட்டுக்குப் போன பிறகு சம்பந்தமில்லாமல் பேசி, ஆளை அடையாளம் தெரியாமல் விழித்து, பிறகு நினைவிழப்பது இந்த நாட்களில்தான். காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். பிரசவ மனநோய் என்று தூக்க மருந்து கொடுப்பவர்களும் உண்டு. உங்கள் அம்மாவுக்கும் கணவருக்கும் இதை இன்றே சொல்லிவையுங்கள். பிள்ளை பெற்ற உடம்பு தேற வேண்டும் என்று முதல் வாரமே நாட்டுக்கோழிச் சாறும் கருவாடும் கறியுமாகக் கொடுப்பதையும் அந்த இரண்டு வாரம் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

பிரசவம் எங்கே

நோயில்லை என்று சிசுப் பரிசோதனை சொல்லி, நீங்களும் கேரியர் இல்லை என்றால் உள்ளூரிலேயே பெறலாம். மற்ற எந்த நிலையிலும், 24 மணி நேரமும் அம்மோனியா பார்க்கும் ஆய்வகம், என்.ஐ.சி.யு. (பச்சைக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு), பச்சைக் குழந்தைக்கு டயாலிசிஸ் செய்யும் வசதி மூன்றும் ஒரே கட்டடத்தில் இருக்கும் இடம் வேண்டும். உங்களுக்கு ஓசூர் வழியாகப் பெங்களூருவும், கிருஷ்ணகிரி வழியாக வேலூரும் எட்டும் தூரம். அரிய நோய்களுக்கான 2021-ம் ஆண்டுத் தேசியக் கொள்கையில் யூரியா சுழற்சி நோய்களுக்கான ஈரல் மாற்றுச் சிகிச்சை முதல் பிரிவில் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட சிறப்பு மையத்தில் பதிவுசெய்தால் 50 லட்சம் ரூபாய்வரை உதவி கேட்கலாம். பெங்களூருவில் மனித மரபியல் மையமும் இந்திரா காந்தி மருத்துவமனையும் சேர்ந்த மையம் உண்டு, சென்னையில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் புதுப்பித்து வையுங்கள். வலி எடுத்த பிறகு 108-ல் கிளம்பும் திட்டம் இதற்கு உதவாது. 37 வாரத்திலேயே அந்த ஊரில் போய்த் தங்குங்கள்.

குழந்தைக்கு நோய் என்று முன்பே தெரிந்தால், பிறந்த சில மணி நேரத்திலேயே 10 சதவீத குளுக்கோஸ் ஓட்டமும் நைட்ரஜன் வெளியேற்றும் மருந்தும் தொடங்கி, 6 மணிக்கொரு முறை அம்மோனியா பார்ப்பார்கள். புரதத்தை ஓரிரு நாள் மட்டும் நிறுத்தி, பிறகு அளந்து தாய்ப்பாலே கொடுப்பார்கள். அதற்கு மேல் நிறுத்தினால் குழந்தையின் தசை உடையத் தொடங்கும். பச்சைக் குழந்தைக்கு அம்மோனியா 100-ஐ ஒட்டி இருக்கலாம். 150 தாண்டினால் காரணம் தேட வேண்டும். 400, 500-ஐ நெருங்கினால் டயாலிசிஸுக்கு ஏற்பாடு நடக்க வேண்டும். தொப்புள்கொடி ரத்தத்தில் அம்மோனியா பார்த்து நார்மல் என்று வீட்டுக்கு அனுப்ப விடாதீர்கள், அது உங்கள் ஈரல் சுத்தம் செய்த ரத்தம்.

முதல் சந்திப்புக்குப் போகும்போது குழந்தையின் எல்லா அறிக்கைகளும், கர்ப்பிணி அட்டையும், பாட்டியின் இரண்டு குழந்தைகள் எத்தனையாம் நாள், எப்படி இறந்தன என்று அவரிடமே கேட்டு எழுதிய குறிப்பும் கையில் இருக்கட்டும். முடிந்தால் பாட்டியையும் அம்மாவையும் கூட்டிப்போங்கள். உங்கள் தங்கைக்கு இப்போதே எதுவும் செய்ய வேண்டாம். உங்கள் மரபணு மாற்றம் எது என்று தெரிந்த பிறகு அந்த ஒன்றை மட்டும் அவரிடம் தேடினால் போதும். செலவும் குறையும், விடையும் சீக்கிரம் வரும். அவருக்குக் கல்யாணம் பேசுவதற்கு முன் அது முடிந்துவிட்டால் நல்லது.